காற்றாலை சீசனில் மிஞ்சும் மின்சாரம்: பேட்டரியா, மலைமேல் அணையா?

ஆழியாறு_பாசனம்

தென்மேற்குப் பருவம் வந்துவிட்டால் ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களில் காற்று கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. லோடு குறைந்த நேரத்தில் வாங்க ஆளில்லாமல் காற்றாலைகளை நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். அதே நாள் மாலை, வெயில் இறங்கி சோலார் படுத்ததும் வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறோம். காற்றாலைக்காரர்கள் சீசனில் யூனிட்டை வாரியத்திடம் ‘பேங்கிங்’ செய்து பிறகு எடுத்துக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. அது கணக்கில் மட்டும்தான் சேமிப்பு. மின்சாரம் எங்கேயும் பத்திரமாக உட்கார்ந்திருப்பதில்லை.

என் கட்சி நீரேற்று மின் நிலையம். கோவை மாவட்டம் ஆனைமலையில் காடம்பாறை 1987-லிருந்து இந்த வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. மலையைக் குடைந்து உள்ளே வைத்த நிலையம், 100 மெகாவாட் இயந்திரம் நான்கு. மின்சாரம் மிஞ்சும்போது அதே இயந்திரம் பம்பாக மாறி மேல் ஆழியாற்றுத் தண்ணீரைக் காடம்பாறை அணைக்கு ஏற்றும். தேவைப்படும்போது அந்தத் தண்ணீர் இறங்கி டர்பைனைச் சுற்றும். நாலு யூனிட் செலவழித்தால் ஏறக்குறைய மூன்று திரும்பி வரும். நான்கு இயந்திரமும் ஐந்து மணி நேரம் முழு வீச்சில் ஓடினால் 20 லட்சம் யூனிட். கையில் இப்படி ஒன்று இருக்கும்போது எல்லோரும் ஏன் பேட்டரி, பேட்டரி என்றே பேசுகிறார்கள்?

வோல்ட்_மதுரை

அண்ணா, காடம்பாறை நல்ல நிலையம்தான், மறுக்கவில்லை. அடுத்த காடம்பாறை எப்போது வரும் என்பதுதான் கேள்வி. நீலகிரியில் குந்தா நீரேற்றுத் திட்டம், 500 மெகாவாட், எத்தனை வருடமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம்?

தெற்கு ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 2016 செப்டம்பரில் புயலில் மாநிலம் முழுக்க இருட்டானது. 2017 டிசம்பரில் ஹார்ன்ஸ்டேல் என்ற இடத்தில் 100 மெகாவாட் லித்தியம் பேட்டரி ஓட ஆரம்பித்துவிட்டது. கிரிட்டில், அதாவது மின் கட்டமைப்பில், அதிர்வெண் இறங்கினால் கண் இமைக்கும் நேரத்துக்குள் மின்சாரம் தள்ளும். இன்னொன்று, பேட்டரியைக் காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல் பக்கத்து துணை மின் நிலையத்திலேயே வைக்கலாம். அணை இருக்கும் மலைவரை லைன் இழுக்க வேண்டாம். நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இழப்பும் இல்லை.

ஆழியாறு_பாசனம்

அந்த ஹார்ன்ஸ்டேல் தொடங்கும்போது அதன் கொள்ளளவு 129 மெகாவாட்-மணி, அதாவது 1.29 லட்சம் யூனிட். நான் மேலே சொன்ன ஐந்து மணி நேரக் காடம்பாறையில் பதினைந்தில் ஒரு பங்கு. அதிர்வெண்ணைப் பிடித்து நிறுத்த அது போதும். மாலை 6 முதல் 11 வரை ஒரு மாநிலத்துக்கு அது காணாது தம்பி.

வோல்ட்_மதுரை

அது 2017 கணக்கு. கலிஃபோர்னியாவில் மாஸ் லாண்டிங் பேட்டரி நிலையம் 2023-லேயே 3,000 மெகாவாட்-மணி. உங்கள் 20 லட்சத்துக்கு எதிராக 30 லட்சம் யூனிட்.

டர்பைன்_ரிட்டயர்டு

அந்த மாஸ் லாண்டிங் 2025 ஜனவரியில் எரிந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுற்றுவட்டாரத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். லித்தியம் செல் ஒன்று சூடேறி வெடித்தால் பக்கத்து செல்லும் சூடேறும், அப்படியே வரிசையாகப் போகும். தண்ணீர் அடித்தாலும் உள்ளே நடக்கும் வேதிவினை உடனே நிற்காது. அனல் மின் நிலையத்தில் வேலை பார்த்தவன் நான், தீயோடு பழகியவன். இது வேறு மாதிரித் தீ.

வோல்ட்_மதுரை

சார், எரிந்தது 300 மெகாவாட் பகுதி. அதை ஏன் என்று பார்க்க வேண்டும். பழைய மின் நிலையக் கட்டடத்துக்குள் ரேக் ரேக்காக அடுக்கி வைத்திருந்தார்கள், செல்லும் நிக்கல் கலந்த வகை. இப்போது கிரிட்டுக்குப் போடுவது பெரும்பாலும் இரும்பு பாஸ்பேட் வகை. அது அவ்வளவு எளிதில் பற்றாது. வெளியே திறந்த வெளியில், கன்டெய்னருக்குக் கன்டெய்னர் இடைவெளி விட்டு வைக்கிறார்கள். ஒன்று எரிந்தாலும் ஒன்றோடு போகும். அணைக்கும் ஆபத்து உண்டு: 2005 டிசம்பரில் அமெரிக்காவின் மிசௌரியில் டாம் சாக் நீரேற்று நிலையத்தின் மேல் அணையில் அளவுக்கு மேல் தண்ணீர் ஏற்றி, கரை உடைந்தது. அதற்காக அணையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே.

பாலிடெக்னிக்_ஈரோடு

ஒரு சந்தேகம். தண்ணீருக்குப் பதில் கனமான கான்கிரீட் கட்டியை மோட்டாரால் தூக்கி, பிறகு இறக்கி மின்சாரம் எடுக்கலாம் என்று வீடியோ பார்த்தேன். எங்கள் பக்கம் வற்றிப்போன கிணறு ஏராளம். அதில் செய்தால் என்ன? காடும் முழுகாது, தீயும் இல்லை.

டர்பைன்_ரிட்டயர்டு

நல்ல கேள்வி தம்பி, காகிதத்தில் போட்டுப் பார்த்துவிடலாம். கிணறு 30 மீட்டர் ஆழம், கட்டி 10 டன். 10,000 கிலோவைப் புவியீர்ப்பு முடுக்கமான 9.81-ஆல் பெருக்கி, அதை 30-ஆல் பெருக்கினால் 29 லட்சத்து 43 ஆயிரம் ஜூல். ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். ஆக, லாரிச் சுமை கான்கிரீட்டைக் கிணற்றில் இறக்கினால் முழுசாக ஒரு யூனிட்கூடத் தேறாது, 0.8 யூனிட். கம்பி, கியர், மோட்டார் இழப்பு தனி. அதே ஒரு யூனிட்டைப் பத்துக் கிலோவுக்குள் உள்ள லித்தியம் பேட்டரி தந்துவிடும்.

புவியீர்ப்பில் சேமிப்பது என்றாலே இந்தப் பாடுதான். ஒரு டன் தண்ணீர் 367 மீட்டர் இறங்கினால்தான் ஒரு யூனிட், அதுவும் இழப்பே இல்லாவிட்டால். அணையில் அது கட்டுப்படியாவதற்குக் காரணம் அங்கே தண்ணீர் லட்சக்கணக்கான டன் இருப்பதும், அதைத் தாங்கும் பாத்திரத்தை மலையே கொடுப்பதும்தான். கான்கிரீட்டை நாம்தான் வார்க்க வேண்டும்.

நீலமலை_வாசி

மலை கொடுக்கிறது என்று எளிதாகச் சொல்லிவிட்டீர்கள் சார். எங்களிடம் கேட்டுப் பாருங்கள். நீலகிரியில் சில்லஹள்ளாவில் 1,000 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் என்றதும் இங்கே தேயிலை, கேரட் போடுகிறவர்கள் ஏன் எதிர்த்தார்கள்? இரண்டு அணை, சுரங்கம், அதற்கு வெடி, கல் ஏற்றும் லாரிகளுக்குச் சாலை. மழைக்காலத்தில் மண் சரிகிற மலை இது. காடம்பாறை இருப்பதும் இன்று புலிகள் காப்பகத்துக்குள்தான். இன்றைய சட்டத்தில் அங்கே புதிதாகக் கேட்டால் கிடைத்திருக்குமா? சமவெளிக்கு மாலையில் ஏசி ஓட எங்கள் சோலைக்காடும் புல்வெளியும் போக வேண்டும் என்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஆழியாறு_பாசனம்

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. நானும் புதிதாகக் காட்டை முழுக்கச் சொல்லவில்லை. குந்தா திட்டத்தில் போர்த்திமந்து, அவலாஞ்சி-எமரால்டு இரண்டும் ஏற்கெனவே இருக்கிற நீர்த்தேக்கங்கள். நடுவில் சுரங்கமும் நிலையமும்தான் புதிது. இருக்கிற அணைகளை ஜோடி சேர்ப்பது என் முதல் கோரிக்கை. அடுத்தது, ஆற்றையே தொடாமல் கரை கட்டுவது: ஆந்திராவில் கர்னூல் பக்கம் பின்னாபுரத்தில் 1,680 மெகாவாட் அப்படித்தான், ஆற்றுக்கு வெளியே. ஒரு முறை நிரப்பிவிட்டு, ஆவியாகப் போவதை மட்டும் ஈடு செய்தால் போதும்.

பேட்டரி ஆதரவாளர்கள் ஆயுளைப் பற்றிப் பேசுவதே இல்லை. வேல்ஸில் டினோர்விக், பழைய பலகைக்கல் குவாரி மலைக்குள், 1,728 மெகாவாட். 1984-ல் திறந்தது இன்னும் ஓடுகிறது. பேட்டரி பத்து, பதினைந்து வருடத்தில் சோர்ந்துவிடும். அப்புறம் மறுபடி வாங்க வேண்டும், செல் பெரும்பாலும் சீனாவிலிருந்துதான். டர்பைனை இங்கேயே பழுது பார்க்கலாம்.

வோல்ட்_மதுரை

பதினைந்து வருடத்தில் மாற்றும்போது அன்றைய விலையில், அன்றைய ரகத்தில் மாற்றுவேன். சோடியம் பேட்டரி இப்போதே சந்தைக்கு வந்துவிட்டது, உப்பிலிருந்து எடுக்கும் பொருள். அணையை நாற்பது வருடத்துக்கு ஒரே இடத்தில், ஒரே அளவில் முடிவு செய்ய வேண்டும். சுரங்கம் வெட்டும்போது பாறை மோசமாக இருந்தால் செலவும் வருடமும் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. நீலமலை அக்கா சொன்ன மண்சரிவையும் கணக்கில் எழுதுங்கள். கன்டெய்னர் பேட்டரிக்கு வேண்டியது சமதரையும் துணை மின் நிலையமும்தான்.

டர்பைன்_ரிட்டயர்டு

இருவரும் யூனிட்டையே எண்ணுகிறீர்கள். கிரிட்டில் இன்னொரு சேமிப்பு சத்தமில்லாமல் இருக்கிறது: சுழலும் எடை. 210 மெகாவாட் செட் ஒன்றின் ரோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும். எங்காவது ஒரு நிலையம் திடீரென்று டிரிப் ஆகி நின்றுவிட்டால், யாரும் பட்டனைத் தொடுவதற்கு முன்பே அந்த எடை தன் வேகத்தைக் கொடுத்து 50 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணைச் சில நொடிகள் தாங்கிப் பிடிக்கும். சோலாரும் புது வகைக் காற்றாலையும் இன்வெர்ட்டர் வழியாக வருவதால் இந்த எடை கிரிட்டுக்குக் கிடைப்பதில்லை. பேட்டரிக்கு நீங்கள் எடுத்துக்காட்டிய அதே தெற்கு ஆஸ்திரேலியாதான் 2021-ல் டேவன்போர்ட்டிலும் ராபர்ட்ஸ்டவுனிலும் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் பூட்டிய நான்கு பெரிய சுழல் இயந்திரங்களை நிறுவியது. அவை மின்சாரம் உற்பத்தி செய்யாது. சும்மா சுற்றும், அந்தச் சுற்றுதான் வேலை. காடம்பாறை இயந்திரத்திலும் இந்த எடை இயல்பாகவே உண்டு. பேட்டரிக்கு அதை மென்பொருளால் நடிக்கத்தான் முடியும்.

வோல்ட்_மதுரை

நடித்தாலும் கிரிட் நிற்கிறது சார். ஹார்ன்ஸ்டேல் பேட்டரியே 2022-லிருந்து அந்த வேலையையும் செய்கிறது.

உடுமலை_தென்னை

சேமிப்பதற்கு முன் செலவழிக்கும் நேரத்தை மாற்றுங்கள். எங்கள் தோப்பில் மும்முனை மின்சாரம் பகலில் வந்தால், மோட்டார் ஓட்டித் தொட்டியை நிரப்பிவிடுவேன். சாயங்காலம் வால்வைத் திறந்தால் சொட்டு நீர் தானாகப் போகும். மிஞ்சும் சோலார் மின்சாரம் தொட்டியில் தண்ணீராக நிற்கும். பேட்டரியும் வேண்டாம், அணையும் வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பாம்பு நடமாட்டத்தில் டார்ச் அடித்துக்கொண்டு மோட்டார் போடப் போகும் விவசாயிக்கு இது உயிர்ப் பிரச்சினையும்கூட.

ஆழியாறு_பாசனம்

பகல் சோலாருக்கு நூற்றுக்கு நூறு சரி. சீசனில் ராத்திரி மிஞ்சும் காற்றை என்ன செய்ய?

பாலிடெக்னிக்_ஈரோடு

மின்சாரப் பேருந்துகள்? சென்னையில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து ஓடத் தொடங்கிவிட்டன. வண்டி பணிமனையில் நிற்பதே ராத்திரியில்தான். திருநெல்வேலி, நாகர்கோவில் பணிமனைகளுக்கு முதலில் கொடுத்தால் காற்றாலைக்குப் பக்கத்திலேயே சார்ஜ் ஆகும்.

வோல்ட்_மதுரை

அதுவும் பேட்டரிதான் தம்பி, சக்கரம் வைத்த பேட்டரி. ஆழியாறு அண்ணா, இதற்கு அணை தேவையா சொல்லுங்கள்.

ஆழியாறு_பாசனம்

பேருந்துக்குத் தேவையில்லை. ஒரு மாநிலத்தின் ஐந்து மணி நேர மாலைக்குத் தேவை. குந்தாவை முதலில் முடிக்கட்டும், பிறகு உங்கள் கன்டெய்னர்களை எங்கே வைக்கலாம் என்று நானே இடம் காட்டுகிறேன்.