புதுப்பிப்பு: டயல்-அப் சர்வரின் சீரியல் போர்ட் சிக்கல் தீர்ந்தது

தொலை அணுகல் சர்வரில் டயல்-அப் (தொலைபேசி இணைப்பு வழியாக வரும்) அழைப்புகள் சரியாக இணைந்தாலும், கோப்புப் பரிமாற்றம் பாதியில் உறைந்துவிடுகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் தெரிந்துவிட்டது. மோடம் (தொலைபேசி இணைப்பில் தரவை அனுப்பிப் பெறும் கருவி) இணைந்துள்ள சீரியல் போர்ட்டின் ஓட்டக் கட்டுப்பாடு, அதாவது தரவு அனுப்புவதை நிறுத்தித் தொடரச் செய்யும் முறை, மென்பொருள் வகையில் இருந்தது; இதில் நிறுத்தும் குறிகள் தரவோடு சேர்ந்தே வரும். ஆகவே, கோப்புக்குள் இயல்பாக வரும் 19 என்ற மதிப்புள்ள பைட்டை, அனுப்புவதை நிறுத்தச் சொல்லும் எக்ஸ்ஆஃப் குறியாக எடுத்துக்கொண்டு போர்ட் காத்திருந்தது. போர்ட், மோடம் ஆகிய இரண்டிலும் தனிக் கம்பிகள் வழியாகக் குறி அனுப்பும், ஆர்டிஎஸ்/சிடிஎஸ் எனப்படும் வன்பொருள் கட்டுப்பாட்டை அமைத்து, போர்ட் வேகத்தை வினாடிக்கு 115200 பிட் என்று நிலைநிறுத்தியதும் பரிமாற்றம் தடையின்றி முடிகிறது.

ஒன்பது முனைக் கேபிளில் ஆர்டிஎஸ், சிடிஎஸ் குறிகள் செல்லும் 7, 8ஆம் முனைகளுக்குரிய கம்பிகள் இல்லாவிட்டால் இந்த அமைப்பு பயன்படாது. மலிவான கேபிள்களில் இவை விடுபட்டிருக்கலாம் என்பதால், முதலில் அதைச் சோதியுங்கள். மேலும், டிடிஆர் (சர்வர் தயார் என்று மோடத்துக்குச் சொல்லும் குறி) இறங்கும்போது மோடம் அழைப்பைத் துண்டிக்கும்படி ஏடி&டி2 (AT&D2) என்ற மோடம் கட்டளையையும் சேர்த்துள்ளேன்.