லடாக்கில் தனியாக மோட்டார் சைக்கிள் பயணம்: மணாலி வழியா, ஸ்ரீநகர் வழியா?

செம்பனைச்சாலை (சுங்கை சிப்புட்) கேட்டது:

அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 46. மலேசியாவில் சுங்கை சிப்புட்டை ஒட்டிய தோட்டத்து லயத்தில் பிறந்தவன். இப்போது செம்பனை (எண்ணெய்ப்பனை) ஆலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை. பால்மரக் காட்டுச் செம்மண் பாதையில் அப்பாவின் கப்சாயில் (சிறிய மோட்டார் சைக்கிளில்) ஓட்டிப் பழகிய நாளிலிருந்தே நீண்ட பயணத்தில் ஆசை உண்டு. வரும் செப்டம்பரில் 16 நாள் விடுப்பு எடுத்து லடாக் போகலாம் என்று மூன்று நண்பர்களோடு திட்டமிட்டேன். ஒருவருக்கு மகள் திருமணம், ஒருவருக்கு முழங்கால் வலி, மூன்றாமவர் காரணமே சொல்லவில்லை. ஆகவே தனியாகவே போவதென முடிவு செய்திருக்கிறேன். மணாலி வழியாக ஏறுவதா, ஸ்ரீநகர் வழியாக ஏறுவதா? தனியாகப் போகிறவர் எதற்கு அஞ்ச வேண்டும்? இரவுதோறும் தொலைபேசியில் பேச வேண்டும் என்பது வீட்டில் விதித்திருக்கும் நிபந்தனை.

மலைமேடு (தாப்பா) எழுதியது:

ஐயா, தனிமைக்கு அஞ்ச வேண்டாம், உயரத்துக்கு அஞ்சுங்கள். கேமரன் மலையில் பிரிஞ்சாங் உச்சியே 2,000 மீட்டரைச் சற்றுத்தான் தாண்டுகிறது. நீங்கள் போய்ச் சேரும் லடாக்கின் லே நகரமோ 3,500 மீட்டரில் இருக்கிறது. நம்மூர் மலைகளில் எத்தனை முறை ஏறி இறங்கியிருந்தாலும் அது அங்கே கணக்கில் வராது.

நான் மணாலி வழியாகப் போய்ப் பட்டவன். 2020இல் திறந்த 9 கிலோமீட்டர் நீள அடல் சுரங்கப்பாதை ரோத்தங் கணவாயின் ஏற்றத்தை மிச்சப்படுத்திவிடுவதால், உடல் பழகுவதற்குள் மேலே போய்ச் சேர்ந்துவிடுகிறோம். முதல் நாளே ஜிஸ்பாவில் தங்காமல், இன்னும் வெளிச்சம் இருக்கிறதே என்ற ஆசையில் 4,290 மீட்டர் உயரத்துச் சார்ச்சுவுக்குப் போய்க் கூடாரத்தில் படுத்தேன். இரவு முழுவதும் தலைவலியும் வாந்தியும். விடிந்ததும் கையுறைக்குள் விரலை நுழைக்கவே பத்து நிமிடம் ஆனது. அன்றைக்கு அங்கிருந்து கீழே இறங்கியிருக்க வேண்டும். பிடிவாதத்தால் மேலே போனேன், அது தவறு. 5,300 மீட்டரைத் தாண்டிய தங்லாங் லாவில் (லா என்றால் கணவாய்) காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய பாதிதான். பையைத் திறந்து பார்த்தால், அம்மா ஒட்டிக் கொடுத்த முறுக்குப் பொட்டலம் பந்து போல உப்பிக் கிடந்தது. இயந்திரமும் அப்படியே மூச்சு வாங்கியது; கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் இன்னும் மோசம்.

ஸ்ரீநகர் வழி அத்தனை கொடுமையானதன்று. சோஜி லா 3,528 மீட்டர், அடுத்து 2,700 மீட்டருக்குள் இருக்கும் கார்கிலில் ஓர் இரவு, பிறகு 4,108 மீட்டர் ஃபோட்டு லாவைக் கடந்து லாமாயுரு. ஏறி, இறங்கி, தாழ்வான இடத்தில் தூங்கி ஏறுவதால் உடல் தானே பழகிக்கொள்கிறது. லேவை அடைந்ததும் இரண்டு நாள் எங்கும் ஓட்டாமல் ஓய்வெடுங்கள். உயர நோயைத் தடுக்கும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி இங்கேயே மருத்துவரிடம் கேளுங்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.

பழையகிராணி (கூலிம்) எழுதியது:

தம்பி, வழியைப் பற்றிப் பேசும் முன் ஒன்று கேட்கிறேன். உம்முடைய உரிமம் பி2தானே? அது 250 சிசி வரைக்கும்தான். அங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்ஃபீல்டு வண்டிகள் பெரும்பாலும் 350 சிசி அல்லது அதற்கு மேல். சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்தாலும் அது உம்முடைய வகுப்பை உயர்த்தாது. விபத்து நேர்ந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது இதைத்தான். பயணக் காப்புறுதியில் மோட்டார் சைக்கிளுக்கும் உயரத்துக்கும் வரம்பு இருக்கிறதா என்பதையும் எழுத்துக்கு எழுத்து படித்துவிடும்.

செம்பனைச்சாலை எழுதியது:

ஐயா, வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், பி2தான். இது என் நினைவுக்கே வரவில்லை. பயணம் செப்டம்பரில்தான் என்பதால் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து முழு பி வகுப்பு எடுக்க நேரமிருக்கிறது.

மணல்மேடு (சுங்கை பட்டாணி) எழுதியது:

மலைமேடு சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் மணாலிப் பாதையை அப்படியே ஒதுக்கிவிடுவது அநியாயம். கட்டா வளைவுகளின் 21 கொண்டை ஊசித் திருப்பங்களையும், அதற்குப் பின் மலைகளுக்கு நடுவே தட்டையாக விரியும் மோரே சமவெளியையும் பார்க்காமல் வருவதா? வண்டியை வேறு ஊரில் ஒப்படைக்க வாடகைக்காரர் சம்மதித்தால், உடல் பழகிய பிறகு அவ்வழியே இறங்குங்கள். பெட்ரோலை மட்டும் லேயிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அடுத்த நிலையம் 365 கிலோமீட்டரில் என்று மணாலிப் பக்கத்துத் தண்டியில் பலகை வைத்திருப்பது சும்மா இல்லை.

பனி உருகி வரும் ஓடைகள் சாலையின் குறுக்கே பாயும். காலையில் கணுக்கால் அளவு ஓடுவது, வெயில் ஏறிய பிற்பகலில் முழங்காலுக்கு வந்துவிடும், ஆகவே விடியற்காலையிலேயே கிளம்ப வேண்டும். லாரி போன தடத்தைப் பார்த்து, முதல் கியரில், நடுவில் நிறுத்தாமல் கடக்க வேண்டும். செம்பனைக் குலை வெட்டப் போடும் ரப்பர் பூட்ஸை நான் கொண்டுபோயிருந்தேன். விலையுயர்ந்த காலணி நனைந்து நின்றவர்கள் அதை ஏக்கத்தோடு பார்த்தார்கள்.

நுப்ரா பள்ளத்தாக்குக்கு அவசியம் போங்கள். கர்துங் லாவைத் தாண்டி இறங்கினால் ஷியோக் ஆற்றோரம் ஹுண்டரில் மணல்மேடுகள். இரட்டைத் திமில் ஒட்டகங்கள் மேய, பின்னால் பனிமலை தெரியும். இமயம் மழைமேகத்தை மறித்துவிடுவதால் உண்டான குளிர்ப் பாலைவனம் அது. பகலில் தோல் உரியும், இரவில் பல் நடுங்கும். வெளியூர் வாடகை வண்டியை அங்கே ஓட்ட உள்ளூர் வாடகை வண்டிச் சங்கத்தினர் விடமாட்டார்கள். உங்கள் வண்டியை லேயில் நிறுத்திவிட்டு அங்கேயே வேறொன்று எடுக்க வேண்டும். வெளிநாட்டவர் என்பதால் பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான அனுமதியும் தேவை. லேயில் பதிவுபெற்ற முகவர் வழியாகத்தான் அது கிடைக்கும். தனியாக வருவதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தொலைபேசி விஷயத்தில் வீட்டாரிடம் இப்போதே பேசிவிடுங்கள். வெளிமாநிலத்தில் வாங்கிய முன்கட்டணச் சிம் லடாக்கில் வேலை செய்யாது. லேயில் உள்ளூர்ச் சிம் வாங்கினாலும் கணவாய்ப் பக்கம் அலைவரிசை இருக்காது.

செம்பனைச்சாலை எழுதியது:

அண்ணன்மார்களுக்கு நன்றி. ஸ்ரீநகர் வழியாக ஏறுவதென முடிவு செய்துவிட்டேன். இறங்கும் வழியை வாடகைக்காரரிடம் பேசிய பிறகு பார்க்கலாம். "இரவுதோறும்" என்பதை "அலைவரிசை கிடைக்கும் இடத்திலெல்லாம்" என்று திருத்த வீட்டில் சம்மதித்துவிட்டார்கள். ஆனால் எந்த நாளில் எந்த ஊர் என்று எழுதிய தாளைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டுப் போக வேண்டுமாம்.