பட்டம் எடுத்தவருக்கு இன்னும் எதற்குக் காசு? சங்கத்தின் 24 லட்சம் பற்றி ஒரு விவாதம்

நூலகமூலை

எல்லோருக்கும் வணக்கம். கொழும்பில் உள்ள எங்கள் பழைய மாணவர் சங்கம் வருடத்துக்கு 24 லட்சம் ரூபாயைப் படிப்புதவிக்கு ஒதுக்கியிருக்கிறது. போன ஞாயிறு கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. ஒன்று, முதற்பட்டம் படிக்கும் 20 பேருக்கு மாதம் 10,000. மற்றது, முழுநேர ஆய்வு மாணவர் 5 பேருக்கு மாதம் 40,000. பெரும்பாலானோர் முதலாவதற்கே கை உயர்த்தினார்கள். "பட்டம் எடுத்தவருக்கு இன்னும் எதற்குக் காசு?" என்று ஒருவர் கேட்டார். கூட்டத்தில் எனக்குப் பேச நேரம் கிடைக்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் முதுதத்துவமாணி (எம்.பில்) ஆய்வு செய்பவள். கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி முதற்பட்டத்தோடு முடிந்துவிடுகிறது. அதற்கு மேலே பதிவுக் கட்டணம், வருடாந்தக் கட்டணம், ஆய்வுகூடச் செலவு எல்லாம் நம் கையிலிருந்துதான் போக வேண்டும். என் மேற்பார்வையாளருக்கு ஒரு ஆய்வு மானியம் கிடைத்திருந்ததால் இரண்டு வருடம் மாதாந்த உதவித்தொகை வந்தது. இடையில் 2022 வந்தது. மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்துக்குள் 360ஐத் தொட்டது. வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய இரசாயனங்கள் வரவில்லை. பரிசோதனைகள் மாதக்கணக்கில் நின்றன. மானியத்தின் காலம் மட்டும் நிற்கவில்லை. அது முடிந்தபோது என் ஆய்வு பாதியில் கிடந்தது. இப்போது பகலில் ஒரு அலுவலகத்தில் வேலை, இரவில் ஆய்வேடு. ஒரு அத்தியாயத்துக்கு ஏழு மாதம் எடுத்திருக்கிறேன்.

பழையகணக்கு

கூட்டத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவன் நான்தான், பிள்ளை. என் பக்கத்தையும் கேளுங்கள்.

முதற்பட்ட மாணவருக்கு மாதாமாதம் கிடைக்கும் மஹாபொல உதவித்தொகை 5,000 ஆக இருந்து 2025இல்தான் 7,500 ஆனது. கொழும்பில் மூன்று நேரமும் கடையில் சாப்பிடும் பிள்ளைக்கு அது மாதத்தில் எத்தனை நாள் வரும்? மன்னாரிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் வந்து மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டு விரிவுரைக்குப் போகிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். அவர்களிடம் பட்டம் இல்லை, வேறு வேலைக்கும் போக முடியாது. உங்களிடம் பட்டம் இருக்கிறது. வேலை கிடைக்கும், கிடைத்தும் இருக்கிறது.

அடுத்தது, முதுமாணி (மாஸ்டர்ஸ்) எடுக்கிறவர்களில் எனக்குத் தெரிந்த முக்கால்வாசிப் பேர் சனி ஞாயிறு வகுப்புக்குக் காரில் வருகிறவர்கள். பதவி உயர்வுக்காகப் படிக்கிறார்கள். அது தவறில்லை, ஆனால் அந்தச் செலவை ஏன் சங்கம் தாங்க வேண்டும்? ஆய்வு முடித்தவர்களோ வெளிநாடு போய்விடுகிறார்கள். 20 பேரை விட்டு 5 பேருக்குக் கொடுத்தோம் என்று நான் எந்த முகத்தோடு போய் நன்கொடை கேட்பேன்?

நூலகமூலை

அண்ணா, வார இறுதி முதுமாணிக்குக் கொடுக்க வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்ப்பதால்தான் குழப்பம். இலங்கைத் தகைமைகள் சட்டகத்தில் பாடநெறி முதுமாணி 9ஆம் மட்டம், ஆய்வோடு கூடிய முதுமாணி 10, முதுதத்துவமாணி 11, கலாநிதி (பிஎச்டி) 12. சங்கம் 11, 12க்கு முழுநேரமாகப் பதிந்தவர்களுக்கு மட்டும் என்று ஒரு வரி எழுதினால் காரில் வருகிறவர்கள் தாமாகவே விலகிவிடுவார்கள்.

மேற்படிப்பு படிக்கிற எல்லோருமே காசில்லாமல் இருப்பதாகவும் நான் சொல்லவில்லை. பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் பயிலும் மருத்துவர்களுக்குச் சுகாதார அமைச்சின் சம்பளம் இருக்கிறது. நிரந்தர விரிவுரையாளர்களுக்குச் சம்பளத்தோடு கல்வி விடுமுறை இருக்கிறது. விஞ்ஞானத்தில் தேசிய ஆராய்ச்சிப் பேரவை, தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் மானியம் மேற்பார்வையாளருக்குக் கிடைத்தால் மாணவருக்கும் ஒரு பங்கு வரும். இவை ஒன்றிலும் சேராதவர் யார்? நிரந்தர வேலை இல்லாத, மானியம் இல்லாத துறையில் இருக்கிற ஒருவர். வரலாறு, மொழியியல், சமூகவியல் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளில் பலர் அங்கேதான் நிற்கிறார்கள்.

பசறைப்பிள்ளை

நான் பதுளைப் பக்கம். பசறையில் தேயிலைத் தோட்ட லயத்தில் வளர்ந்தவள். பழையகணக்கு அண்ணா சொன்ன சாப்பாட்டை விட்டுவிட்டு வகுப்புக்குப் போன பிள்ளைகளில் நானும் ஒருத்தி. அவர் சொல்வது முழுக்க உண்மை. அதனால் அவர் மீது எனக்குக் கோபம் இல்லை.

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். முதல் வகுப்பில் சித்தியடைந்தேன். ஆய்வுக்குப் பதிந்துகொள்ளும்படி பேராசிரியர் வற்புறுத்தினார். மஹாபொல முதற்பட்டத்தோடு நின்றுவிட்டது, வீட்டில் தம்பி உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான், அம்மா கொழுந்து பறிக்கிறார். நான் வங்கியில் சேர்ந்தேன். எனக்குக் கீழே இரண்டாம் வகுப்பில் வந்த ஒரு தோழி கொழும்பில் சொந்த வீட்டில் இருந்து படித்து இன்று விரிவுரையாளர். அவள் கெட்டிக்காரி, அந்த இடத்துக்குத் தகுதியானவள்தான். ஆனால் அப்பா அம்மா நான்கு வருடம் சாப்பாடு போட முடிந்தவர்கள் மட்டும்தான் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கப் போகிறார்களா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது. மலையகத்தைப் பற்றி ஆய்வு செய்ய மலையகத்திலிருந்து ஆள் வர வேண்டாமா?

தெமட்டகொடை

இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? கடனாகக் கொடுங்கள். வட்டி வேண்டாம். படித்து முடித்து வேலை கிடைத்ததும் திருப்பிக் கட்டட்டும், அடுத்தவருக்குப் போகும். 24 லட்சமும் சுற்றிக்கொண்டே இருக்கும். அரசும் 2017இல் இருந்து வட்டியில்லாக் கடன் கொடுக்கிறதுதானே?

பழையகணக்கு

தம்பி, அந்தக் கடன் அரசசார்பற்ற உயர்கல்வி நிறுவனங்களில் முதற்பட்டம் படிக்கிறவர்களுக்கு. அதை வங்கி கொடுக்கிறது, வங்கிதான் அறவிடுகிறது. எங்களிடம் வங்கியும் இல்லை, ஆளும் இல்லை. ஒரு சங்கத்தில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் என்ற முறையில் சொல்கிறேன்: கொடுத்த கடனைக் கேட்கப் போகும் நாளிலிருந்து அந்தப் பிள்ளை சங்கத்துப் பக்கம் வராது. பிணைக்கு இரண்டு அரச ஊழியர்களைக் கொண்டுவரச் சொன்னால் பசறைப் பிள்ளை எங்கே போவார்? கொடுப்பதென்றால் கொடுப்போம். கடன் வேண்டாம்.

ஹம்டன் லேன் அன்ரி

நான் வெள்ளவத்தையில் இரண்டு அறைகளைப் படிக்கிற பெண் பிள்ளைகளுக்குப் போர்டிங் விடுகிறேன். படிப்பு விஷயம் எனக்கு அவ்வளவு தெரியாது, ஆனால் காசு எப்போது வருகிறது என்பது தெரியும். என்னிடம் இருந்த ஒரு பிள்ளைக்கு ஒரு இடத்தில் உதவி கிடைத்தது. முதலில் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பற்றுச்சீட்டைக் கொண்டு வா, திருப்பித் தருகிறோம் என்றார்கள். கட்டக் காசு இருந்தால் அவள் ஏன் உதவி கேட்கிறாள்? வளையலை அடகு வைத்துத்தான் கட்டினாள். திருப்பிக் கொடுத்தது ஐந்து மாதம் கழித்து.

தயவுசெய்து எவருக்குக் கொடுத்தாலும் மாதம் பிறந்ததும் கையில் கொடுங்கள். வாடகை முதலாம் திகதி. பஸ் தினமும். எவ்வளவு என்பதைவிட எப்போது என்பதுதான் அந்தப் பிள்ளைகளை அழ வைக்கிறது.

நூலகமூலை

அன்ரி, இதை நான் எழுத மறந்துவிட்டேன். நன்றி. கட்டண விலக்கு கொடுத்தால் போதும் என்று நினைப்பதும் இதே பிழைதான். கட்டணம் வருடத்தில் ஒரு முறை. கடன் வாங்கியாவது கட்டிவிடலாம். ஆய்வை நிறுத்துவது மாத வாடகை.

வெளிநாடு போவது பற்றியும் சொல்லிவிடுகிறேன். இங்கே மாதாந்த உதவி இல்லாததாலேயே பலர் முதலில் போகிறார்கள். பிரித்தானிய அரசின் செவனிங் புலமைப்பரிசில் பெற்றால் முடித்ததும் இரண்டு வருடம் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை இருக்கிறது. நாங்களும் ஒரு நிபந்தனை போடலாம். கையொப்பமிட நான் தயார்.

பழையகணக்கு

இரவு உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். முதற்பட்டத்துக்கு 12 பேர், மாதம் 10,000: வருடம் 14 லட்சத்து 40 ஆயிரம். மீதி 9 லட்சத்து 60 ஆயிரம். அதில் ஆய்வு மாணவர் 2 பேருக்கு மாதம் 40,000 சரியாக வருகிறது. என் மனம் இன்னும் அந்த எட்டுப் பிள்ளைகளிடம்தான் நிற்கிறது, அதை மறைக்கவில்லை. ஆனால் பசறைப் பிள்ளை எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். அடுத்த கூட்டத்தில் இதை நானே முன்மொழிகிறேன். 11, 12ஆம் மட்டம் மட்டும், முழுநேரம், வேறு சம்பளம் இருக்கக் கூடாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மேற்பார்வையாளரின் கடிதம். முதலாம் திகதி வங்கிக் கணக்கில் விழும்.

நூலகமூலை

அண்ணா, ஒன்று கேட்கலாமா? அந்த இரண்டில் ஒன்றை ஆய்வேடு எழுதும் கடைசி வருடத்தில் இருப்பவருக்கு ஒதுக்குங்கள். எனக்காகக் கேட்கவில்லை, நான் விண்ணப்பிக்க மாட்டேன். தரவு எல்லாம் சேர்த்துவிட்டு எழுத முடியாமல் வேலைக்குப் போனவர்கள் எனக்குத் தெரிந்து மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்குப் பத்து மாதம் கொடுத்தால் ஒரு ஆய்வேடு முடியும்.

பழையகணக்கு

அதற்கு இப்போது ஆம் என்று சொல்ல மாட்டேன். கடைசி வருடம் என்று சொல்லி நான்கு வருடம் இழுத்தவர்களையும் பார்த்திருக்கிறேன். அந்த மூன்று பேரும் எந்த அத்தியாயத்தில் நிற்கிறார்கள் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டத்துக்குக் கொண்டுவருகிறேன்.