கப்பலே நொறுங்கினாலும் ஈர்ப்பு மட்டும் போகாதாம்!

குவார்க் குமரன்:
நேத்து இங்க ஒரு மகான் "விண்வெளி சீரியல்கள்ல அறிவியலுக்கு மரியாதை குடுத்தது ஸ்டார் ட்ரெக் மட்டும்தான், அத கிண்டல் பண்றவனுக்கு பிசிக்ஸும் தெரியாது ரசனையும் கிடையாது"ன்னு எழுதிட்டு போயிருக்காரு. பேரு சொல்ல விரும்பல, வார்ப்ல ஆரம்பிச்சு வேலன்ல முடியும்.

எனக்கு ஒரே கேள்விதான். சண்டை நடக்குது. எதிரி சுடுறான். ஷீல்டு போச்சு, லைட் போச்சு, எஞ்சின் போச்சு, ஏதோ ஒரு தளத்துல ஓட்டை விழுந்து காத்து வெளிய போகுது, கன்சோல் வெடிச்சு ஒரு பாவப்பட்ட ஊழியர் பறந்து போய் விழறாரு. விழறாருங்க! கீழ! எப்படி கீழ விழறாரு? ஏன்னா கப்பல்ல எல்லாம் போனாலும் ஈர்ப்பு மட்டும் அசையாது. மூச்சு விட காத்து இருக்காது, ஆனா கால் தரையில இருக்கும். சண்டையில ஒரு தடவை கூட ஈர்ப்பு போனதில்ல. இதுதான் மரியாதையா?

*(பதிவு திருத்தப்பட்டது)*

வார்ப் வேலன்:
வந்துட்டாருய்யா. குமரன் சார், நீங்க முழு எபிசோட் பாத்து பேசுறீங்களா, இல்ல ரெண்டு நிமிஷ க்ளிப் பாத்து பேசுறீங்களா? 2001ல வந்த ஸ்டார் ட்ரெக் எண்டர்பிரைஸ் சீரியல், முதல் சீசன், கேப்டன் ஆர்ச்சர் குளிச்சிட்டு இருக்கும்போதே ஈர்ப்பு போகும். தண்ணி உருண்டை உருண்டையா மிதக்கும், ஆளும் மிதப்பாரு. இன்னொரு ட்ரெக் சீரியல் டீப் ஸ்பேஸ் நைன்ல 1993ல மெலோரான்னு ஒரு எபிசோட், குறைஞ்ச ஈர்ப்பு உள்ள கிரகத்துலேர்ந்து வந்த பொண்ணு, கடைசியில அவங்க ஈர்ப்ப நிறுத்திதான் வில்லனையே மடக்குவாங்க. ரெண்டு உதாரணம் ஆச்சு. பாத்துட்டு வந்து எழுதுங்க.

குவார்க் குமரன்:
குளியலறை சண்டைக்களமா? மெலோரா அவங்களா நிறுத்துனாங்க, அது தானா போகல. நான் கேட்டது சண்டையில அடிபட்டு போறது. படிக்கத் தெரிஞ்சா என் பதிவுல "சண்டையில"ன்னு இருக்கும்.

வார்ப் வேலன்:
அந்த "சண்டையில" எப்ப வந்துச்சு? நான் பதில் டைப் பண்ண ஆரம்பிச்சப்ப "ஒரு தடவை கூட போனதில்ல"ன்னு மட்டும்தான் இருந்துச்சு. கீழ திருத்தப்பட்டதுன்னு கொட்ட எழுத்துல காட்டுது.

குவார்க் குமரன்:
எழுத்துப்பிழை திருத்துனேன்.

சும்மா சொல்றேன்:
ஒரு வார்த்தையே இல்லாம இருந்தது எழுத்துப்பிழையா 😂

பழைய ஆன்டெனா:
தம்பிங்களா, காசு விஷயத்த யாருமே பேச மாட்டேங்கறீங்க. 1966ல முதல் ஸ்டார் ட்ரெக் சீரியலுக்கு வாரா வாரம் ஒரு எபிசோட் எடுக்கணும். கப்பல் ஒவ்வொரு கிரகத்துலயும் எறங்குற மாதிரி காட்ட காசு பத்தாதுன்னுதான் ஆள அப்படியே மின்ன வெச்சு கீழ அனுப்புற டிரான்ஸ்போர்ட்டரே வந்துச்சு. அந்த பட்ஜெட்ல ஆள கம்பியில தொங்க விட்டு எல்லா சீனும் எடுக்க முடியுமா? சினிமாக்காரங்களுக்கே இது கஷ்டம். 1995ல அப்பல்லோ 13 படத்துக்கு நாசாவோட பயிற்சி விமானத்துல ஏறி, மேல போய் கீழ சரியும்போது கிடைக்கிற இருபத்தஞ்சு செகண்டு எடையின்மைக்குள்ள ஒரு ஷாட்ட முடிக்கணும், திரும்ப மேல போகணும். சீரியல்காரன் இத எங்க பண்ணுவான். ஈர்ப்பு போகாததுக்கு காரணம் கணக்குப்பிள்ளை, விஞ்ஞானி இல்ல.

குவார்க் குமரன்:
அண்ணே உங்க மேல மரியாதை உண்டு. ஆனா காசு இல்லன்னா காசு இல்லன்னு சொல்லுங்க, நான் எந்திரிச்சு கை தட்டுறேன். அறிவியல்னு சொல்லாதீங்க. என் சண்டை தயாரிப்பாளரோட இல்ல, வேலனோட.

வார்ப் வேலன்:
அறிவியல் விளக்கமும் இருக்கு, உங்களுக்கு தெரியலன்னா இல்லன்னு ஆயிடாது. நெக்ஸ்ட் ஜெனரேஷன்ங்கற ட்ரெக் சீரியலோட டெக்னிக்கல் மேனுவல் எடுத்து படிங்க. ஈர்ப்பு ஜெனரேட்டர்ங்கறது உள்ள ஒரு பாகம் வேகமா சுத்துற அமைப்பு, மெயின் பவர் போனாலும் அது சுத்துறது நிக்க சில மணி நேரம் ஆகும், அதுவரைக்கும் ஈர்ப்பு இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாதான் குறையும். சண்டை எவ்வளவு நேரம் நடக்கும்? பத்து நிமிஷம். அவ்வளவுதான் மேட்டர், இழைய மூடிடலாம்.

குவார்க் குமரன்:
ஆஹா. சீரியல் ஆரம்பிச்சது 1987. மேனுவல் வந்தது 1991. நாலு வருஷம் எல்லாரும் நடந்ததுக்கு அப்புறம் எப்படி நடந்தாங்கன்னு யோசிச்சு ஒரு புக்கு போட்டிருக்காங்க, அத நீங்க அறிவியல்னு தூக்கிட்டு வர்றீங்க.

சரி அதையே எடுத்துக்குவோம், சில மணி நேரம்தானே? முதல் ட்ரெக் சீரியல்ல 1967ல வந்த ஸ்பேஸ் சீட் எபிசோட். கான்ங்கற வில்லன் வர்ற எபிசோட், உங்க எல்லாருக்கும் உசுரு. 1990கள்ல பூமியிலேர்ந்து கிளம்பின பாட்டனி பே கப்பல், ரெண்டு நூற்றாண்டா அனாதையா மிதக்குது. கேப்டன் கிர்க் ஆளுங்களோட உள்ள போறாரு. கதவு தெறந்ததும் என்ன பண்றாங்க? நடக்குறாங்க. சாவகாசமா நடந்து போய் தூங்குற ஆளுங்கள ஒவ்வொருத்தரா எட்டிப் பாக்குறாங்க. உங்க சுத்துற பாகம் இருநூறு வருஷமா நிக்காம சுத்திச்சா?

வார்ப் வேலன்:
அந்த கப்பல்ல பவர் இருந்துச்சு. ஆளுங்கள உறக்கத்துல வெச்சிருக்க மெஷின் ஓடிக்கிட்டு இருந்துச்சு. பவர் இருந்தா ஈர்ப்பும் இருக்கும். இது கூட புரியலயா?

குவார்க் குமரன்:
1990கள்ல கட்டின கப்பல்ல செயற்கை ஈர்ப்பு இருந்துச்சுன்னு நீங்களே எழுதிட்டீங்க, நன்றி, இத நான் பத்திரமா எடுத்து வெச்சுக்கறேன்.

நிலாமுகம்:
ஒரு சின்ன விஷயம். ரெண்டு பேரும் "ஈர்ப்பு போச்சு, ஈர்ப்பு இல்ல"ன்னு எழுதறீங்க. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துல இருக்கு, அங்க பூமியோட ஈர்ப்பு தரையில இருக்கறதுல கிட்டத்தட்ட 90 சதவீதம் இருக்கு. அவங்க மிதக்கறது ஈர்ப்பு இல்லாததால இல்ல, நிலையமும் ஆளும் சேர்ந்து விழுந்துக்கிட்டே இருக்கறதால. முதல்ல எதத்தான் "யதார்த்தம்"னு சொல்றீங்கன்னு வரையறுத்துட்டு பேசலாமே.

குவார்க் குமரன்:
மேடம் எல்லாருக்கும் தெரிஞ்சத பாடம் எடுக்க வேணாம். நாம பேசுறது பூமிய சுத்துற கப்பல் இல்ல, நட்சத்திரத்துக்கு நடுவுல போற கப்பல்.

நிலாமுகம்:
தெரிஞ்சிருந்தா அப்படி எழுதியிருக்க மாட்டீங்க. செயற்கை ஈர்ப்பு வேணும்னா சுத்தணும், இல்ல எஞ்சின் விடாம தள்ளிக்கிட்டே இருக்கணும், இப்போதைக்கு நமக்கு தெரிஞ்ச வழி இதுதான். நிமிஷத்துக்கு ரெண்டு சுத்து சுத்தி பூமி அளவு எடை வேணும்னா ஆரம் ஏறக்குறைய 224 மீட்டர் வேணும். சின்னதா கட்டினா இன்னும் வேகமா சுத்தணும், தலை சுத்தும். இதுல இன்னொரு வேடிக்கை இருக்கு. ஸ்டார் ட்ரெக் முதல் எபிசோட் ஒளிபரப்பானது 1966 செப்டம்பர் 8. அதுக்கு நாலே நாள்ல, செப்டம்பர் 12ல கிளம்பின நாசாவோட ஜெமினி 11 விண்கலத்துல நிஜமாவே ரெண்டு பேர், ஆளில்லாத அஜீனா கலத்தோட முப்பது மீட்டர் பட்டையில கட்டிக்கிட்டு மெதுவா சுத்தி கொஞ்சூண்டு செயற்கை ஈர்ப்பு உண்டாக்கினாங்க. ஒரு ஜி-யில, அதாவது பூமி ஈர்ப்புல, ஆயிரத்துல ஒரு பங்கு கூட தேறாது. அந்த வாரம் டிவியில எல்லாரும் பூட்ஸ் போட்டு நடந்துக்கிட்டு இருந்தாங்க.

குவார்க் குமரன்:
பாத்தீங்களா, மேடமும் என் பக்கம்.

நிலாமுகம்:
நான் யார் பக்கமும் இல்ல. உங்க ஈர்ப்பு புலம்பலே சின்ன விஷயம்னுதான் சொல்ல வந்தேன். நிஜ ஓட்டை வெப்பம். வெற்றிடத்துல சூட்ட காத்து எடுத்துட்டு போகாது, கதிர்வீச்சாதான் வெளிய போகணும். நிலையத்துல பெரிய பெரிய வெள்ளை பலகைங்க நீட்டிக்கிட்டு இருக்கே, அதுக்குள்ள அம்மோனியா ஓடி சூட்ட கொண்டு போய் வெளிய விடுது. ஒரு பூமியவே எரிக்கிற அளவு சக்திய வெச்சிருக்க கப்பல்ல அந்த மாதிரி பலகை ஒண்ணாவது யாராவது கண்ணுல காட்டுங்க.

சும்மா சொல்றேன்:
கப்பல் வேகாம இருக்கறது அதிசயம், இதுல கண்ணுக்கு தெரியாம மறையற க்ளோக்கிங் வேற. சூடு மட்டும் எங்க மறையுமோ

வார்ப் வேலன்:
க்ளோக்கிங் பத்தி பேசணும்னா தனி இழை போடுங்க. இங்க ஏற்கனவே ஒருத்தர வெச்சு சமாளிக்க முடியல.

குவார்க் குமரன்:
வெப்பம், பலகை எல்லாம் அப்புறம். வேலன் இன்னும் பதில் சொல்லல. சண்டையில ஏன் போகல?

பழைய ஆன்டெனா:
சினிமாவுல போயிருக்கு. 1991, ஆறாவது ஸ்டார் ட்ரெக் படம். க்ளிங்கான்ங்கற வேற்றுகிரகவாசிங்க கப்பல்ல டார்பிடோ பாய்ஞ்சதும் ஈர்ப்பு போயி, காந்த பூட்ஸ் போட்ட ரெண்டு பேர் ஏறி வந்து சுட, ரத்தம் ஊதா உருண்டையா மிதக்கும். கேட்டது இதுதானே தம்பி.

வார்ப் வேலன்:
👏👏👏 அண்ணே! முடிஞ்சது!

குவார்க் குமரன்:
என்ன முடிஞ்சது? நான் பேசுறது சீரியல். அது படம். இன்னொண்ணு கவனிச்சீங்களா, ஈர்ப்பு போனா சண்டை எப்படி இருக்கும்னு அந்த ஒரே சீன்ல தெரிஞ்சு போச்சு, ஒரு கப்பலையே ரெண்டு பேர் காலி பண்ணிட்டாங்க. அப்படின்னா எதிரி முதல்ல குறி வைக்க வேண்டியதே ஈர்ப்பத்தான? சீரியல்ல எந்த எதிரிக்குமே ஏன் இது தோணல? முன்னாடி கேட்டத விட இது பெரிய ஓட்டை, நீங்களே தோண்டி குடுத்துட்டீங்க.

பழைய ஆன்டெனா:
உங்க கிட்ட எது சொன்னாலும் அது உங்களுக்கு சாதகமாத்தான் முடியும். கன்சோல் வெடிக்கிறத பத்தி பேசுவோம்னு பாத்தேன். நிலாவுக்கு கிளம்பி விபத்துல சிக்கின நிஜ அப்பல்லோ 13ல, 1970ல, கேபினுக்குள்ள ஒரு தீப்பொறி கூட பறக்கல. ஒரு சத்தம், சில எச்சரிக்கை விளக்கு, அப்புறம் ஆக்சிஜன் டேங்க் முள்ளு இறங்கிக்கிட்டே இருக்கு, ஜன்னல் வழியா பாத்தா ஏதோ வாயு வெளிய பீச்சுது. அந்த முள்ளு இறங்குறத விடவா பயம் வேணும்? இவங்க கப்பல்ல ஃப்யூஸும் கிடையாது, சீட் பெல்ட்டும் கிடையாது.

குவார்க் குமரன்:
சீட் பெல்ட் இல்லாம விழறாங்கன்னாலும் கீழதான் விழறாங்க, அதத்தான நானும் சொல்றேன்! எக்ஸ்பான்ஸ்னு ஒரு விண்வெளி சீரியல் பாருங்க, 2015லேர்ந்து ஆறு சீசன் ஓடிச்சு. எஞ்சின் தள்ளுற வரைக்கும் எடை இருக்கும், எஞ்சின நிறுத்தினா ஆளு மிதப்பான், காந்த பூட்ஸ் போட்டு டக் டக்னு நடப்பான், பாதி வழியில கப்பல திருப்பி வால முன்னாடி வெச்சு பிரேக் போடுவாங்க. சீரியல்லயே முடியுதுன்னு காட்டிட்டாங்க. காசு கதையும் போச்சு அண்ணே.

வார்ப் வேலன்:
எக்ஸ்பான்ஸா? கணக்கு போட்டீங்களா? ஒரு ஜி-யில ஒரே ஒரு நாள் எஞ்சின ஓட்டினா செகண்டுக்கு ஏறக்குறைய 850 கிலோமீட்டர் வேகம் வரும். நாசாவோட நிஜ விண்கலம் வாயேஜர் 1 போற வேகம் செகண்டுக்கு 17 கிலோமீட்டர். அந்த வேகத்துக்கு எரிபொருள் எங்க? டேங்க் எங்க? அந்த சீரியல்ல எஞ்சினுக்கு எப்ஸ்டீன்னு ஒரு கண்டுபிடிப்பாளர் பேர வெச்சுட்டா அது அறிவியல், நாங்க ஜெனரேட்டர்னு சொன்னா கப்சாவா?

குவார்க் குமரன்:
அவங்க ஒரே ஒரு பொய் சொல்லிட்டு அதுக்கப்புறம் ஒழுங்கா இருக்காங்க. நீங்க ஒளிய மிஞ்சி ஓடுற வார்ப், டிரான்ஸ்போர்ட்டர், கேட்டத உருவாக்கித் தர்ற ரெப்ளிகேட்டர், மொழிபெயர்ப்பான், நெத்தியில மட்டும் மேடு இருக்க வேற்றுகிரகவாசி, எல்லாத்துக்கும் மேல போகாத ஈர்ப்பு.

சும்மா சொல்றேன்:
ஒரே ஒரு பொய்யா? எக்ஸ்பான்ஸ்ல நீலமா மின்னிக்கிட்டு ஒண்ணு பரவுமே, அது என்ன சோப்பு நுரையா

குவார்க் குமரன்:
புரோட்டோமாலிக்யூல் வேற்றுகிரக டெக்னாலஜி, அது கணக்குல வராது.

வார்ப் வேலன்:
உங்களுக்கு பிடிச்சது மட்டும் கணக்குல வராது! போன மாசம் பாபிலான் 5ங்கற விண்வெளி சீரியல் பத்தின இழையிலயும் இதே ஆட்டம்தான். நிலையம் சுத்துது, பூமிக்காரங்க போர்க்கப்பல்ல சுத்துற பாகம் இருக்குன்னு பக்கம் பக்கமா புகழ்ந்தீங்க. மின்பாரிங்கற வேற்றுகிரகவாசிங்க கப்பல்ல எதுவுமே சுத்தல, எல்லாரும் அங்கி போட்டுக்கிட்டு ஜம்முனு நடக்குறாங்களேன்னு கேட்டேன். பதிலே வரல.

குவார்க் குமரன்:
சொன்னேன். நீங்க படிக்கல.

வார்ப் வேலன்:
என்ன சொன்னீங்க?

குவார்க் குமரன்:
போய் தேடி படிங்க, எல்லாத்தையும் நானே ஊட்டி விட முடியாது. தேடும்போதே சண்டையில ஈர்ப்பு போன சீரியல் எபிசோட் ஒண்ணு கிடைச்சா லிங்க் போடுங்க, நான் இங்கதான் இருப்பேன்.

நிலாமுகம்:
வெப்பத்துக்கு யாரும் பதில் சொல்லல.

வார்ப் வேலன்:
மேடம் உங்க பலகைய நான் அப்புறம் பாக்குறேன், முதல்ல இவரு மின்பாரிக்கு என்ன சொன்னாருன்னு சொல்லட்டும்.