3000000000 கொடுத்தால் லினக்ஸில் -884901888, விண்டோஸில் -4: குற்றம் ஏடுஐ மேலா, இன்ட் மேலா?

நெய்தல்64

சின்ன சி நிரல். கட்டளை வரியில் ஓர் எண் கொடுத்தால், அத்தனை இன்ட் கொண்ட அர்ரேக்கு எத்தனை பைட் வேண்டும் என்று சொல்லும். மெயினுக்குள் மூன்றே வேலை: ஆர்க்வி[1]-ஐ (கட்டளை வரியில் நிரலின் பெயருக்கு அடுத்து வரும் சொல்) ஏடுஐ (எழுத்துச் சரத்தை எண்ணாக்கும் பங்ஷன்) வழியாக ஓர் இன்ட்டில் வாங்குவது, அதை சைஸ்ஆஃப்(இன்ட்) ஆல், அதாவது ஓர் இன்ட் பிடிக்கும் பைட் எண்ணிக்கையால், பெருக்குவது, பிரின்ட்எஃப்பில் %டி போட்டு அச்சிடுவது.

./அளவு 1000 → 4000
./அளவு 1,00,000 → 4
./அளவு 3000000000 → -884901888

கடைசி வரியையே 64 பிட் விண்டோஸில் விஷுவல் ஸ்டுடியோவில் கம்பைல் செய்து ஓட்டினால் -4 வருகிறது. எண்ணே கொடுக்காமல் ஓட்டினால் செக்மென்டேஷன் ஃபால்ட். "இன்ட்டை லாங் ஆக்கு, ஏடுஐ-யை லாங் தரும் ஏடுஎல் ஆக்கு, தீர்ந்தது" என்று ஒரு பக்கம், "ஏடுஐ-யையே தூக்கிப் போடு" என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். எது சரி?

பழைய_டர்போ

எண்ணே கொடுக்காதபோது விழுவதற்கு ஒரே வரிதான் மருந்து: ஆர்க்சி (நிரலின் பெயரையும் சேர்த்து எத்தனை சொற்கள் வந்தன என்ற எண்ணிக்கை) 2 இல்லையென்றால் பயன்படுத்தும் முறையை எஸ்டிடிஎர்ரில் (பிழைச் செய்திக்கான வெளியீட்டில்) அச்சிட்டு 1 திருப்பிவிட வேண்டும். ஆர்க்சி 1 ஆக இருக்கும்போது ஆர்க்வி[1] நல் பாயின்டர், அதாவது எதையும் சுட்டாத முகவரி. அதை ஏடுஐ-யிடம் கொடுத்தால் விழாமல் என்ன செய்யும்?

மற்றபடி, லேபில் எழுதுகிற நிரலுக்கு முந்நூறு கோடி கொடுப்பவர் தப்புதான் அது. முதலாண்டு மாணவருக்கு ஏடுஐ போதும். எர்நோ (பிழை எண் இருக்கும் மாறி), என்ட்பாயின்டர் (படிப்பது நின்ற இடம்) என்று பத்து வரி சேர்த்தால், ஆர்க்சியும் ஆர்க்வியும் என்ன என்ற பாடமே அதில் அமுங்கிப்போகும். டர்போ சி காலத்தில் இன்ட் 2 பைட், உச்சம் 32767. அந்த எல்லை தெரிந்துதான் எழுதினோம்.

குறிமுறையன்

சார், முந்நூறு கோடியை விடுங்கள், 1,00,000 கொடுத்ததற்கு 4 வந்திருக்கிறதே, அதைப் பாருங்கள். நம்மூர் வழக்கப்படி காற்புள்ளி போட்டால் ஏடுஐ முதல் காற்புள்ளியிலேயே நின்று 1 என்று சொல்லிவிடுகிறது. 1இ6 என்று கொடுத்தாலும் 1. "பத்து" என்று கொடுத்தால் 0. உண்மையிலேயே 0 கொடுத்தாலும் 0. பிழை வந்ததா இல்லையா என்று கேட்க ஏடுஐ-யில் வழியே கிடையாது. அதனால்தான் அது வேண்டாம் என்கிறோம்.

இனி அந்த இரண்டு விடைகள் எப்படி வந்தன என்று கணக்குப் போடலாம்.

லினக்ஸின் சி நூலகமான கிளிப்சியில் ஏடுஐ உள்ளே லாங்காகப் படித்து, கீழ் 32 பிட்டை மட்டும் இன்ட்டாகத் தருகிறது. 3000000000 - 4294967296 = -1294967296. சைஸ்ஆஃப் தருவது குறியில்லாத சைஸ்_டி. அதனால் பெருக்கும்போது இந்த நெகட்டிவ் எண்ணும் 64 பிட் குறியில்லாத எண்ணாக மாறி, விடை 18446744068529682432 ஆகிறது. அதை %டி கொண்டு அச்சிட்டால் கீழ் 32 பிட்தான் கண்ணில் படும்: -884901888.

விஷுவல் ஸ்டுடியோவின் நூலகம் வேறு மாதிரி. எண் இன்ட்டுக்குள் கொள்ளாவிட்டால் உச்சத்திலேயே, அதாவது 2147483647-இல், நிறுத்திவிடுகிறது. நான்கால் பெருக்கினால் 8589934588. இது 2-இன் 33-ஆம் அடுக்குக்கு நான்கு குறைவு, ஆகவே கீழ் 32 பிட் -4. ஏடுஐ-யில் எண் கொள்ளாவிட்டால் என்ன நடக்கும் என்று சி தரநிலை வரையறுக்கவே இல்லை. ஆகவே இரண்டு நூலகமும் குற்றவாளி இல்லை.

%டி-யும் தவறு. சைஸ்_டிக்கு %இசட்யூ. -டபிள்யூஆல் போட்டு ஜிசிசியில் கம்பைல் செய்திருந்தால் இந்த வரிக்கு எச்சரிக்கை வந்திருக்கும்.

சுட்டிக்காரன்

ஏடுஎல் யோசனையை இங்கேயே மூடிவிடுவோம். 64 பிட் லினக்ஸில் அது வேலை செய்கிற மாதிரி தோன்றும், %இசட்யூ போட்டு அச்சிட்டால் 12000000000 என்று சரியாகவே வரும். 64 பிட் விண்டோஸில் லாங் இன்னும் 4 பைட்தான்.

இன்ட், லாங், பாயின்டர் என்ற வரிசையில் பைட் கணக்கு: 32 பிட் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் 4, 4, 4. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் 4, 8, 8. 64 பிட் விண்டோஸில் 4, 4, 8. ஆர்டுயினோ ஊனோ ஆர்3-இல் 2, 4, 2. டர்போ சியில் 2, 4, பாயின்டர் மட்டும் மெமரி மாடலைப் பொறுத்து 2 அல்லது 4.

லாங்கை "பெரிய இன்ட்" என்று நம்பி எழுதியவர்கள் விண்டோஸுக்குப் போகும்போது அடிபடுவது இங்கேதான்.

பழைய_டர்போ

பார்த்தீர்களா, அந்த ஊனோவில் இன்றைக்கும் இன்ட் 2 பைட். பாடப்புத்தகத்தில் 2 என்று போட்டிருப்பதைக் கேலி செய்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

குறிமுறையன்

2 என்பது தவறில்லை, எந்தக் கம்பைலர் என்று சொல்லாமல் 2 என்பதுதான் தவறு. "இன்ட் 4 பைட்" என்று இணையத்தில் எழுதுகிறவர்களுக்கும் இதே பதில். தரநிலை தருவது குறைந்தபட்ச உத்தரவாதம் மட்டும்: இன்ட்டுக்கு 16 பிட், லாங்குக்கு 32, லாங் லாங்குக்கு 64. சைஸ்ஆஃப்(கேர்) எப்போதும் 1. ஆனால் அந்த 1 என்பது 8 பிட்தான் என்று கூடக் கட்டாயம் இல்லை. டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி2000 சில்லுகளில் கேர் 16 பிட், அங்கே சைஸ்ஆஃப்(இன்ட்) விடை 1. தேர்வில் எழுதினால் சுழித்துவிடுவார்கள், ஆனாலும் சரியான விடை!

மருதம்

இடையில் ஒரு சந்தேகம். ஆர்க்வி[1]-இல் "3000000000" இருக்கிறது, பத்து எழுத்து. சைஸ்ஆஃப்(ஆர்க்வி[1]) போட்டால் 8 வருகிறது. "10" கொடுத்தாலும் 8. ஏன்?

சுட்டிக்காரன்

ஆர்க்வி[1] என்பது எழுத்துகள் இருக்கும் இடத்தின் முகவரி. 64 பிட்டில் முகவரிக்கு 8 பைட், அதில் எத்தனை எழுத்து இருந்தாலும் அவ்வளவுதான். நீளம் வேண்டுமென்றால் ஸ்டர்லென். பிரதி எடுக்க இடம் ஒதுக்கினால் ஸ்டர்லென்னோடு 1 கூட்டுங்கள், கடைசி '\0'-க்கு. சைஸ்ஆஃப்(ஆர்க்வி) போட்டாலும் 8 தான். கேர் *ஆர்க்வி[] என்று அடைப்புக்குறி போட்டு எழுதினாலும், பங்ஷனின் பாராமீட்டராக வரும்போது அதை கேர் **ஆர்க்வி என்றே கம்பைலர் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சைஸ்ஆஃப்பை வகுத்து எத்தனை ஆர்க்யுமென்ட் என்று கண்டுபிடிக்கப் பார்க்காதீர்கள். அதற்குத்தான் ஆர்க்சி இருக்கிறது.

தமிழில் ஆர்க்யுமென்ட் கொடுப்பவர்கள் கவனிக்க: ஸ்டர்லென் எண்ணுவது பைட்டை, எழுத்தை அல்ல. யுடிஎஃப்-8-இல் தமிழின் ஒவ்வொரு குறிப்புள்ளியும் (யுனிகோடில் தனி எண் பெற்ற குறி) 3 பைட். "தமிழ்" என்பதில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து, ஆக 15. இதைவிட வம்பு "சொல்" மாதிரி சொற்கள். ஒகரக் குறியை ஒரே குறிப்புள்ளியாகவும் எழுதலாம், எகரக் கொம்பு, கால் என்று இரண்டாகவும் எழுதலாம். திரையில் ஒரே மாதிரி தெரியும். ஒன்றுக்கு ஸ்டர்லென் 12, மற்றதற்கு 15. சரங்களை ஒப்பிடும் ஸ்டர்கம்ப் இரண்டும் வேறு என்றே சொல்லும். விண்டோஸில் சாதாரண மெயினுக்குத் தமிழ் வந்து சேர்வதே பாடு, வழக்கமான அமைப்பில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும். அங்கே டபிள்யூமெயின் எழுத வேண்டும்.

நெய்தல்64

சரி, ஏடுஐ-யும் ஏடுஎல்-லும் வேண்டாம் என்றே வைத்துக்கொள்கிறேன். பதிலுக்கு என்ன எழுதுவது? வரி வரியாகச் சொல்லுங்கள்.

குறிமுறையன்

ஸ்டர்டுஎல்எல். லாங் லாங் தருகிறது, நீங்கள் சொன்ன இரண்டு கணினியிலும் 8 பைட். வரிசை இது:

1. அழைப்பதற்கு முன் எர்நோ = 0. நூலகம் அதைத் தானாக 0 ஆக்காது, பழைய பிழை அங்கேயே கிடக்கலாம்.
2. ஸ்டர்டுஎல்எல்(ஆர்க்வி[1], &முடிவு, 10). முடிவு என்பது படிப்பது நின்ற இடத்தைக் காட்டும் பாயின்டர். மூன்றாவது இடத்தில் 0 போடாதீர்கள். போட்டால் 010 என்பதை எண்மமாக எடுத்து 8 என்று சொல்லும்.
3. முடிவு == ஆர்க்வி[1] என்றால் ஓர் இலக்கம் கூடப் படிக்கவில்லை. "பத்து", வெற்றுச் சரம் இரண்டும் இங்கே மாட்டும்.
4. *முடிவு '\0' இல்லையென்றால் பின்னால் குப்பை இருக்கிறது. 1,00,000 இங்கே மாட்டும்.
5. எர்நோ ஈரேஞ்ச் ஆக இருந்தால் எண் லாங் லாங்குக்குள் கொள்ளவில்லை.
6. 0-க்குக் கீழே இருந்தால் மறுக்கவும்.

ஆறாவதைத் தவிர்க்க ஸ்டர்டுயூஎல்எல் பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். அது -1 கொடுத்தால் மறுக்காமல் 18446744073709551615 என்று திருப்பித் தரும்.

பழைய_டர்போ

ஆர்க்யுமென்ட் ஒன்றுக்கு ஆறு சோதனை, மூன்று ஆர்க்யுமென்ட் என்றால் பதினெட்டு. நிரலைப் படிக்கிறவன் எதைப் படிப்பான்?

சுட்டிக்காரன்

எண்_படி என்று ஒரு பங்ஷன் எழுதி அதற்குள் அடைத்துவிட்டால் மெயினில் ஒரே வரி. கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் அதற்கே அனுப்புங்கள், வெற்றியா தோல்வியா என்பதை மட்டும் திருப்பட்டும். மதிப்பைப் பாயின்டர் வழியாக வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய_டர்போ

அப்படியென்றால் ஒப்புக்கொள்கிறேன், ஆனால் ஓர் எச்சரிக்கை. இதைப் படித்துவிட்டு எல்லா மாறியையும் இன்ட்64_டி (எப்போதும் 64 பிட் உள்ள வகை) ஆக்குகிற கூட்டம் ஒன்று கிளம்பும். ஊனோவில் இருக்கும் 8 பிட் ஏவிஆர் சில்லில் 64 பிட் கூட்டல் ஒரே கட்டளையில் முடியாது, எட்டு பைட்டையும் ஒவ்வொன்றாகக் கூட்ட வேண்டும். 2 கேபி ரேம் உள்ள ஊனோவில் அந்தப் பழக்கம் கட்டுப்படியாகாது. மாத எண்ணுக்கு இன்ட் போதும். அச்சிடும்போதும் தலைவலி: 64 பிட் லினக்ஸில் %எல்டி, விண்டோஸில் %எல்எல்டி, இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் பிஆர்ஐடி64 என்ற மேக்ரோ.

குறிமுறையன்

இதில் எனக்கு மறுப்பில்லை. கோப்பில் எழுதும் தரவு, நெட்வொர்க்கில் போகும் பாக்கெட், வன்பொருள் ரெஜிஸ்டர் ஆகியவற்றுக்குத்தான் அகலம் நிலையான வகைகள். அர்ரே அளவுக்கும் இன்டெக்ஸுக்கும் சைஸ்_டி. மற்றதற்கு இன்ட்.

மருதம்

ஆர்க்வி[0] எப்போதும் நிரலின் பெயர்தானே? ஆர்க்சி 1-க்குக் கீழே போகாதே?

சுட்டிக்காரன்

போகலாம். தரநிலை சொல்வது ஆர்க்சி நெகட்டிவ் ஆகாது என்று மட்டும்தான். ஷெல்லிலிருந்து ஓட்டினால் குறைந்தது 1. ஆனால் இன்னொரு நிரல் எக்ஸெக்வீஈ (நிரலை ஓட்டச் சொல்லும் கெர்னல் அழைப்பு) மூலம் வெற்றுப் பட்டியலோடு அழைத்தால் 0. 2022 ஜனவரியில் வெளிவந்த சிவிஈ-2021-4034 என்ற பாதுகாப்பு ஓட்டை இதிலிருந்துதான் பிறந்தது. ரூட் உரிமையோடு கட்டளைகளை ஓட்ட உதவும் பிகேஎக்ஸெக் நிரல் ஆர்க்சி 0 என்று யோசிக்காமல் ஆர்க்வி[1]-ஐத் தொட்டது. லினக்ஸில் ஆர்க்வியின் நல்லை அடுத்து நினைவகத்தில் இருப்பது என்விரான்மென்ட் பட்டியல், ஆகவே அதன் முதல் உறுப்பு ஆர்க்யுமென்ட்டாகப் படிக்கப்பட்டது. சாதாரணப் பயனர் ரூட் ஆக முடிந்தது. பிறகு 5.18 கெர்னலில் வெற்றுப் பட்டியல் வந்தால் ஒரு வெற்றுச் சரத்தைத் தானே சேர்க்கும்படி மாற்றினார்கள். ஆகவே பயன்பாட்டுச் செய்தியில் ஆர்க்வி[0]-ஐ அச்சிடும் முன் ஆர்க்சி 0-ஐ விடப் பெரிதா என்று பார்ப்பது வீண் வேலை இல்லை.

நெய்தல்64

எண்_படி எழுதிவிட்டேன். பெருக்கல் மிஞ்சாமல் இருக்க, எண்ணை சைஸ்_டி ஆக்கி, சைஸ்_மேக்ஸ் (சைஸ்_டியின் உச்சம்) / சைஸ்ஆஃப்(இன்ட்) உடன் ஒப்பிட்டு, பெரிதாக இருந்தால் மறுக்கிறேன். 3000000000 கொடுத்தால் லினக்ஸ், விண்டோஸ் இரண்டிலும் 12000000000. முடிந்ததா?

சுட்டிக்காரன்

64 பிட்டில் முடிந்தது. அதே லினக்ஸில் ஜிசிசி-மல்டிலிப் நிறுவி -எம்32 போட்டு 32 பிட் நிரலாகக் கம்பைல் செய்து 5000000000 கொடுத்துப் பாருங்கள்.

நெய்தல்64

2820130816 வருகிறது! மறுக்கவே இல்லை.

சுட்டிக்காரன்

32 பிட்டில் சைஸ்_டி 4 பைட். நீங்கள் முதலில் மாற்றிவிட்டுப் பிறகு ஒப்பிடுகிறீர்கள். மாற்றும்போதே 5000000000 சுருங்கி 705032704 ஆகிவிட்டது. எல்லை 1073741823, அதற்குள் அடங்குவதால் சோதனை விட்டுவிடுகிறது. வரிசையை மாற்றுங்கள்: லாங் லாங்காக இருக்கும்போதே முதலில் நெகட்டிவா என்று பாருங்கள், அடுத்து எல்லையோடு ஒப்பிடுங்கள், இரண்டும் தாண்டிய பிறகே சைஸ்_டி ஆக்குங்கள். நெகட்டிவ் சோதனை முதலில் வருவதற்குக் காரணம் உண்டு. 64 பிட்டில் லாங் லாங்கை சைஸ்_டியோடு ஒப்பிட்டால் குறியில்லாத எண்ணாகவே ஒப்பிடப்படும், -5 மிகப் பெரிய எண்ணாகத் தெரியும். மறுக்கத்தான் செய்யும், ஆனால் "எண் மிகப் பெரிது" என்று தவறான காரணம் சொல்லி மறுக்கும்.

பழைய_டர்போ

அந்த -எம்32 சோதனையை லேப் பயிற்சியிலேயே சேர்க்கலாம். விண்டோஸ் கணினி தேடிப் போக வேண்டியதில்லை, லாங்கும் பாயின்டரும் சைஸ்_டியும் 4 ஆவதை ஒரே மேசையில் காட்டிவிடலாம்.