டே கேரில் மாற்றிய டயாபரை வீட்டுக்கே கட்டிக் கொடுக்கலாமா?

கொழிஞ்சாம்பாறை அம்மா: மகனுக்கு 14 மாதம். டே கேரில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறேன். சாயங்காலம் பையைத் திறந்தால் சோற்றுப் பாத்திரத்தை ஒட்டி அன்றைக்கு மாற்றிய நாலு டயாபரும் கவரில் முடிச்சுப் போட்டு இருக்கிறது. நேற்று பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் எழுந்தே போய்விட்டார். மாசாமாசம் காசு வாங்குகிறவர்கள் இந்தக் குப்பையை எனக்கே ஏன் கட்டிக் கொடுக்கணும்?

டே கேர் டீச்சர்: நானும் சித்தூர் பக்கம் டே கேர் நடத்துகிறவள்தான், கொஞ்சம் கோபத்தோடே எழுதுகிறேன். 12 பிள்ளைகள், ஆளுக்கு நாலு, ஒரு நாளைக்கு 48. கேரளத்தில் வீடு வீடாகக் குப்பை எடுக்க வருகிற ஹரித கர்ம சேனா அக்காமார் பிளாஸ்டிக் எடுப்பார்கள், எங்கள் பக்கம் டயாபரைத் தொடுவதில்லை. நான் எங்கே கொண்டு போய்ப் போட?

வேலந்தாவளத்தான்: கொல்லையில் தீ வைத்தால் முடிந்தது.

டே கேர் டீச்சர்: ஈர டயாபர் எங்கே அண்ணா எரியும்? உள்ளே ஜெல் மூத்திரத்தை இழுத்து வைத்திருக்கும், மேலே பிளாஸ்டிக், கரும்புகைதான் வரும். பாதி வெந்ததை நாய் இழுத்துப் போய் வாசலில் போடும்.

கோபாலபுரம் தம்பி: செக்போஸ்ட் தாண்டித் தமிழ்நாட்டில் எங்கள் பக்கம் வீசாமல் இருந்தால் சரி. 2024 டிசம்பரில் திருநெல்வேலிப் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவைக் கொட்டி, பசுமைத் தீர்ப்பாயம் சொன்ன பிறகு லாரி அனுப்பித் திரும்ப அள்ளிக்கொண்டு போனார்கள். அப்புறம், 2016 திடக்கழிவு விதியிலேயே டயாபரைச் சுற்றிப்போடக் கம்பெனியே உறை தரணும் என்று இருந்தது. உங்கள் வீட்டுப் பாக்கெட்டில் இருக்கிறதா?

ஆச்சி: எங்கள் காலத்தில் துணிதான். துவைத்து வெயிலில் போட்டால் போதும்.

டே கேர் டீச்சர்: ஆச்சி, 12 பிள்ளைகளின் துணியை ஒரே இடத்தில் அலசினால் தெறிக்கிறதெல்லாம் பக்கத்துப் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, அலசாமல் மூடின பையில் வீட்டுக்குத்தான் அனுப்பணும். சுற்றி வந்தால் அதே பஞ்சாயத்துதான்.

கொழிஞ்சாம்பாறை அம்மா: துணியென்றால் நானே வாங்கிக்கொள்வேன், அது திரும்பக் கட்டுகிற பொருள். டயாபர் அப்படியா? இன்னொன்றும் கேட்கிறேன். கை கழுவுகிறீர்களா என்றால் "கிளவுஸ் போட்டிருக்கோம்" என்கிறார்கள். அந்தக் கிளவுஸோடே அடுத்த பிள்ளையையும் தூக்குவதைக் கண்ணால் பார்த்தேன்.

டே கேர் டீச்சர்: அது தப்பு, அதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிளவுஸ் மாற்றணும், கழற்றினதும் சோப்புப் போட்டுக் கழுவணும், பாயையும் துடைக்கணும், பிள்ளையின் கையையும் கழுவி விடணும், அதுதானே நேராக வாய்க்குப் போவது. சோற்றுப் பையில் வைத்ததும் தப்புதான். ஆனால் காசு வாங்கி எடுக்கிற வண்டியைக் கூப்பிட்டால் மாசக் கட்டணம் ஏறும், அப்போது நீங்களே முதலில் சண்டைக்கு வருவீர்கள்.

கொழிஞ்சாம்பாறை அம்மா: கணக்கைக் காட்டி ஏற்றுங்கள், தருகிறேன். அதுவரைக்கும் மூடி போட்ட வாளி ஒன்று நானே வாங்கி வைக்கிறேன். பஸ்ஸில் மட்டும் இனி சுமக்க மாட்டேன் டீச்சர்.

வேலந்தாவளத்தான்: வாளி நிறைந்தால்?

கோபாலபுரம் தம்பி: வார்டு மெம்பர் வீட்டு வாசலில் வையுங்கள். மூடியோடு.