புதுப்பிப்பு: அங்கன்வாடிப் பிள்ளைகளின் பரங்கிக் கொடி

தேவிபட்டினம் பக்கம் நான் பணிபுரியும் அங்கன்வாடியில் பரங்கிக்காயைப் பிள்ளைகளுக்கு எப்படிக் கற்பிக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். படத்தைக் காட்டாமல் விதையைக் கையில் கொடுங்கள் என்று நீங்கள் சிலர் எழுதியதை அப்படியே செய்தேன்.

மணற்பாங்கான நிலத்தில் தொழுவுரம் கலந்து ஊன்றிய விதைகள் ஒரு வாரத்தில் முளைத்தன. முதலில் மலர்ந்தவை எல்லாம் ஆண் பூக்களாக இருந்தமையால், காய் எங்கே டீச்சர் என்று பிள்ளைகள் நாள்தோறும் கேட்டார்கள். பிறகு அடியில் குட்டிப் பிஞ்சுடன் பெண் பூ விரிந்த காலையில், ஆண் பூவின் மகரந்தத்தை அதன் நடுவில் நான் தொட்டு வைத்ததை அவர்கள் அசையாமல் நின்று பார்த்தது எனக்குப் பெருமகிழ்ச்சி அளித்தது. (வெயில் ஏறினால் பூ சுருங்கிவிடும், ஆகவே அதிகாலையே உகந்தது.)

காயை அறுத்த அன்று, சதையின் மஞ்சள் நிறப்பொருள்தான் உடலில் வைட்டமின் ஏ ஆகிறது என்றும், அது கண்ணுக்கு நல்லது என்றும் விளக்கினேன். பாதியைக் கூட்டாக்கினோம். விதைகளைக் கழுவி, உலர்த்தி, தோல் நீக்கி, வறுத்துப் பொடித்தே கொடுத்தோம், ஏனெனில் முழு விதை சிறு பிள்ளைகளின் தொண்டையில் சிக்கக்கூடும்.

மார்கழிக் கோலத்தில் சாணத்தின் மேல் செருகும் பூ இதுதான் என்று ஒரு சிறுமி தானாகவே கண்டுகொண்டாள். திருஷ்டிக்கு உடைக்கும் சாம்பல் பூசணி வேறு இனம் என்பது மட்டும் இன்னும் பலருக்குப் புரியவில்லை. அடுத்த வாரம் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டவிருக்கிறேன்.